கேஸ் கீசர் பற்றவில்லையா? முதலில் காதைக் கொடுங்கள்

மார்கழி பிறந்ததும் கல்லிடைக்குறிச்சி ஆச்சி வீட்டு கேஸ் கீசர் மக்கர் பண்ண ஆரம்பித்துவிடும். "ஆத்துல தண்ணி ஓடுது, இதுக்கு ஒரு மிஷினாக்கும்" என்று ஆச்சி முனகுவாள். ஆனால் விடியற்காலை வெந்நீர் முதலில் அவளுக்குத்தான் வேண்டும். ஒரு தடவை வந்த மெக்கானிக் மூடியைக்கூடக் கழற்றாமல் "போர்டு போச்சு" என்றார். விலையைக் கேட்டதும் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம். அப்புறம் பார்த்தால், பேட்டரி பெட்டியின் ஸ்பிரிங் முழுக்கப் பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் நாலு தேய்ப்பு, வேலை முடிந்தது.

பைப்பைத் திறந்ததும் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தால் பாதிக் கஷ்டம் தீர்ந்தது. ஓடும் தண்ணீர் ஒரு ரப்பர் தகட்டைத் தள்ளும். அது சின்ன ஸ்விட்ச் ஒன்றைத் தட்டிவிடும். உடனே 'டிக் டிக்' என்று பொறி பறக்கும், கேஸ் வால்வு 'டக்' என்று திறக்கும், 'புஸ்' என்று தீ பிடிக்கும். தீ பிடித்ததா என்று பார்க்க பர்னர் பக்கத்தில் ஒரு கம்பி இருக்கும். சில நொடிகளில் அதற்குத் தீ தட்டுப்படாவிட்டால் வால்வு தானாக மூடிக்கொள்ளும். எந்தச் சத்தத்தோடு நிற்கிறதோ, கோளாறு அங்கேதான்.

கை வைக்கும் முன் மோந்து பாருங்கள். கேஸ் வாடை அடித்தால் லைட் ஸ்விட்சைக்கூடத் தொடாதீர்கள். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு போன் போடுங்கள். எல்பிஜி காற்றைவிடக் கனம், தரையோடு படுத்துக் கிடக்கும்.

சத்தமே இல்லை என்றால்

முதலில் தண்ணீர். பச்சைத் தண்ணீர் பைப்பில் நன்றாக வந்து, வெந்நீர் பைப்பில் மட்டும் நூலாக வந்தால், கீசருக்குள் தண்ணீர் நுழையும் இடத்திலுள்ள சல்லடையைப் பாருங்கள். தண்ணீர் வால்வை மூடிவிட்டு தண்ணீர் ஹோஸைக் கழற்றினால் பழைய எட்டணா காசு அளவில் ஒரு வலை தெரியும். ஆச்சி வீட்டில் அதை எடுத்தபோது மணலும் துருச் செதிலும் அப்பியிருந்தன, நடுவில் பிளம்பர் சுற்றிய வெள்ளை டேப்பின் நுனி வேறு. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்துத் திரும்பப் போட்டோம். திசையன்விளைப் பக்கம் உப்புத் தண்ணீர் போர் உள்ளவர்கள் இதை அடிக்கடி பார்க்க வேண்டும், ஷவர் தலையையும் சேர்த்து. இரண்டு பைப்பிலும் வேகம் இல்லையா? மாடித் தொட்டி கீசருக்குப் பத்தடி உயரத்திலாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து பேட்டரி. டார்ச்சுக்குப் போடுகிற பெரிய கட்டை, 1.5 வோல்ட், இரண்டு. ஒன்று பழசு, ஒன்று புதுசு என்று கலந்து போடாதீர்கள்.

டிக் டிக் கேட்கிறது, தீ இல்லை

சிலிண்டர் மாற்றிய அன்று ஹோஸில் காற்று நிற்கும். பைப்பைத் திறந்து மூடி, கொஞ்சம் இடைவெளி விட்டு, மூன்று நான்கு தடவை முயன்றால் பற்றிக்கொள்ளும். வெகுநாள் பூட்டிக் கிடந்த வீடு என்றால் எனக்கு முதல் சந்தேகம் குளவி மேல்தான். பர்னர் வாயில் மண் கூடு கட்டியிருக்கும், இல்லாவிட்டால் சிலந்தி வலை இருக்கும். கேஸை மூடிவிட்டு மென்மையான பிரஷால் எடுங்கள். கேஸ் வெளியே வரும் ஜெட் துளையில் ஊசியை விட்டுக் குத்தவே கூடாது. துளை பெரிதானால் தீ மஞ்சளாகிவிடும்.

பற்றி அணைகிறது

இதற்கும் பேட்டரியைத்தான் முதலில் மாற்றுவேன். பொறி விடத் தெம்பிருந்தும் வால்வைப் பிடித்து வைக்கத் தெம்பில்லாமல் போவதுண்டு. அதிலும் சரியாகாவிட்டால், ஆறிய பிறகு, தீ பிடித்ததா என்று பார்க்கும் அந்தக் கம்பியில் படிந்த கரியை மெல்லத் துடையுங்கள். இருபது நிமிஷம் ஓடிவிட்டு நின்றால் அது கோளாறே இல்லை. பல மாடல்களில் பாதுகாப்புக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

கேஸ் வால்வு, ரெகுலேட்டர், கேஸ் ஹோஸ் கசிவு இவற்றில் நாம் கை வைக்க வேண்டாம். சோப்பு நுரை தடவிக் கசிகிறதா என்று பார்ப்பதோடு சரி, தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே வேண்டாம். ஆரஞ்சு ஹோஸை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் கீசரை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கேஸ் சரியாக எரியாவிட்டால் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு வரும். அதற்கு வாடையும் கிடையாது, நிறமும் கிடையாது. அடைத்த குளியலறையில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். ஆச்சி வீட்டிலும் கீசர் உள்ளேதான் மாட்டியிருந்தது. சரி செய்த கையோடு பின்கட்டுச் சுவருக்கு மாற்றினோம். பைப் நீளமானதால் முதல் ரெண்டு செம்பு பச்சைத் தண்ணீராகத்தான் வருகிறது. அதை ஆச்சி முற்றத்துச் செம்பருத்திக்கு ஊற்றிவிடுகிறாள்.