காரணம் தெரியாத அசதி: எங்கிருந்து தேடத் தொடங்குவது?

"உடம்புக்கு முடியவில்லை" என்று சொல்லும்போது, குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகளை நாம் ஒரே பெயரால் குறிப்பிடுகிறோம். எதைச் செய்யவும் தெம்பில்லாத களைப்பு ஒன்று. கை கால் தசைகள் உண்மையிலேயே வலுவிழப்பது இன்னொன்று. உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகுவது மூன்றாவது. நாலு படி ஏறியதும் மூச்சு வாங்குவது நான்காவது. தமக்கு இருப்பது இவற்றில் எது என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தேட வேண்டிய பரப்பு வெகுவாகச் சுருங்கிவிடும்.

தசையின் வலுவை வீட்டிலேயே ஓரளவு சோதிக்கலாம். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழும்போது தொடையில் கையை ஊன்றித்தான் எழ முடிகிறதா, தலை வாரும்போது கை பாதியிலேயே இறங்கிவிடுகிறதா, பரணிலிருந்து பாத்திரம் இறக்குவது புதிதாகக் கடினமாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். ஆம் என்றால் அது வெறும் களைப்பு அன்று. வைட்டமின் டி குறைபாடு, தைராய்டுக் கோளாறு, பொட்டாசியம் குறைவு, கொழுப்பைக் குறைக்க உட்கொள்ளும் ஸ்டாட்டின் மாத்திரை ஆகியவை அதன் பின்னால் இருக்கக்கூடும். காலையில் சரியாக இருந்துவிட்டு மாலையில் இமை தொங்குவதும் பார்வை இரண்டாகத் தெரிவதும் நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டியவை. பகலில் தூங்கி வழிபவர் இரவில் பலத்த குறட்டை விடுகிறாரா, இடையில் மூச்சு நின்று திணறுகிறாரா என்பதை அவரால் சொல்ல முடியாது. உடன் படுப்பவரைத்தான் கேட்க வேண்டும்.

முகம் கோணுதல், ஒரு பக்கக் கை கால் திடீரென விழுதல், பேச்சுக் குழறல், நெஞ்சு இறுக்கம், பாதத்தில் தொடங்கி மேலேறும் வலுவின்மை ஆகியவை இந்தக் கட்டுரைக்காகக் காத்திருக்கக் கூடியவை அல்ல. உடனே 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு நெஞ்சுவலியே இல்லாமல், வியர்வையும் திடீர் அசதியுமாக மட்டும் மாரடைப்பு வரக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மற்றவர்கள் மருத்துவரிடம் செல்வதற்கு முன் ஒரு தாளில் சிலவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது. அசதி எந்த மாதம் தொடங்கியது, எடை குறைந்ததா, மாலையில் காய்ச்சல் வருகிறதா, உட்கொள்ளும் மாத்திரைகள் எவை என்பன முதலில் வர வேண்டும். சளிக்குப் போடும் செட்ரிசினும் இரத்த அழுத்தத்துக்கான அட்டெனலாலும் சிலரைச் சோர்வடையச் செய்யும். மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை அவசியம். பெண்கள் மாதவிடாய் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதையும் எழுத வேண்டும். ஏழு நாளைத் தாண்டினாலோ, ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நாப்கின் மாற்ற நேர்ந்தாலோ அது மிகை.

மருத்துவரே கேட்க மறக்கும் ஒரு கேள்வி உண்டு: பச்சரிசி மெல்லுகிறீர்களா? "அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும்" என்று சிரித்துவிட்டுக் கடந்துபோகும் இப்பழக்கம், ஐஸ் கட்டி, சிலேட்டுக் குச்சி, மண் ஆகியவற்றின் மீதான ஆசையைப் போலவே, பல வேளைகளில் இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். என் அத்தை ஓராண்டுக்கு மேல் டானிக் குடித்தும் தெளியாதவர். அவர் அரிசி டப்பாவுக்கும் அவருடைய களைப்புக்கும் உள்ள தொடர்பை வீட்டில் ஒருவரும் யோசிக்கவில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருக்கிறது என்பதால், தேடலை அங்கே தொடங்குவதே முறை.

முதல் சுற்றுக்கு விலையுயர்ந்த முழு உடல் பரிசோதனை தேவையில்லை. முழு இரத்த அணுக்கள் எண்ணிக்கை, உடலில் இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, சர்க்கரை, தைராய்டுக்கான டிஎஸ்எச், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், கல்லீரல் பரிசோதனை, சிறுநீர் ஆகியவை பெரும்பாலோருக்குப் போதும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்குப் பெண்களுக்கு 12 கிராமுக்கும் ஆண்களுக்கு 13 கிராமுக்கும் குறைந்தால் இரத்தசோகை. அது சரியாக இருந்தும் ஃபெரிட்டின் மட்டும் குறைந்திருப்பவர்களும் அசந்துபோவதுண்டு. மாறாக, உடலில் அழற்சி இருக்கும்போது ஃபெரிட்டின் உயர்ந்து உண்மையான குறைவை மறைத்துவிடும். இரும்புக் குறைவில் சிவப்பணு அளவில் சிறிதாகும், பி12 குறைவில் பெரிதாகும். இரண்டும் சேர்ந்திருந்தால் சராசரி அளவு இயல்பாகத் தெரிந்து ஏமாற்றும்.

ஒன்றை வலியுறுத்த விரும்புகிறேன்: பரிசோதனைக்கு இரத்தம் கொடுப்பதற்கு முன் "சத்து ஊசி" போட்டுக்கொள்ளாதீர்கள். பி12 கலந்த ஊசிக்குப் பின் அளவு உயர்ந்து காட்டும். பி12 குறைவால் கால் மரத்துப்போயிருந்தால், அந்தக் காரணம் கண்ணுக்குப் படாமல் போகும். குளுக்கோஸ் ஏற்றிக்கொள்வதும் அப்படியே: அன்று மாலை தெம்பு வந்ததுபோல் இருக்கும், காரணம் அப்படியே இருக்கும். முடி உதிர்வுக்காக பயோட்டின் உட்கொள்பவர்கள், அது தைராய்டு முடிவைப் பிறழச் செய்யக்கூடும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இரும்புச்சத்து குறைவு என்று தெரிந்ததும் தேடல் முடிந்துவிடுவதில்லை. ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரத்தம் எங்கே கசிகிறது என்று பார்த்தே ஆக வேண்டும். மூட்டுவலி மாத்திரையால் வந்த குடற்புண், மூலம், கொக்கிப்புழு, சில வேளைகளில் குடல் புற்றுநோய் எனக் காரணங்கள் உண்டு.

முடிவுகள் அனைத்தும் இயல்பாக வந்தால் "ஒன்றுமில்லை" என்று பொருளல்ல. விருப்பமானவற்றில்கூட நாட்டமின்மை, விடியற்காலையிலேயே விழிப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனச்சோர்வாக இருக்கலாம். உடலசதியை மட்டுமே சொல்லி வருபவர்களிடம் அது எளிதில் தவறவிடப்படுகிறது.

இரும்பு மாத்திரை எழுதிக் கொடுக்கப்பட்டால், காபி, தேநீரிலிருந்து ஓரிரு மணி நேரம் விலக்கி உட்கொள்ளுங்கள். மலம் கறுப்பது அதன் இயல்பு. நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபினை மீண்டும் பாருங்கள். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் வழி சரி. உடலில் இரும்பின் இருப்பு நிரம்ப மேலும் சில மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். ஏறவில்லையென்றால் மாத்திரை தவறியதா, உடலில் சேரவில்லையா, கசிவு தொடர்கிறதா, அல்லது இது பரம்பரையாக வரும் இரத்தக் கோளாறான தலசீமியா போன்ற வேறொன்றா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.