அநாதைப் பாத்திரத்துக்கு ஒரு வீடு கொடுப்பது எப்படி? (மூன்றாவது முயற்சியில் எனக்குப் பிடிபட்டது)

அனிமே (ஜப்பானிய அனிமேஷன் தொடர்) பார்த்துவிட்டு, அதே வார்ப்பில் ஒரு கதை எழுதலாமே என்று உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பதிவு. பெற்றோரை இழந்த ஒரு பிள்ளை, ரத்த உறவில்லாத நாலு பேர், கடைசியில் ஒரு குடும்பம். கேட்க எளிதாகத்தான் இருக்கும். நான் இரண்டு வரைவுகளைக் கிழித்துப் போட்டேன்.

உதாரணங்கள் பெரும்பாலும் ஃப்ரூட்ஸ் பாஸ்கெட் என்ற அனிமேயிலிருந்து. 2019-ல் தொடங்கிய பதிப்பைப் பாருங்கள். 2001-ல் வந்தது 26 பகுதிகளோடு நின்றுவிட்டது. மூலமான மங்காவே (ஜப்பானியப் படக்கதை) 2006-ல்தான் முடிந்தது. கதையைப் போட்டு உடைக்கப் போகிறேன், பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

படி 1: சாவைச் சுருக்கமாக முடியுங்கள்

ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டின் நாயகி டோரு ஹோண்டாவின் அம்மா கார் விபத்தில் போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே இல்லை. டோரு ஒரு கூடாரத்தில் தங்கி, பகலில் பள்ளிக்கும் இரவில் துப்புரவு வேலைக்கும் போகிறாள். மண்சரிவில் கூடாரம் புதைந்ததும் அவள் பதறுவது உள்ளே இருக்கும் அம்மாவின் படத்துக்காக. இவ்வளவு போதும். என் முதல் வரைவில் சாவு வீடு மட்டும் நாலு பக்கம்.

படி 2: அடைக்கலம் தருபவருக்கு ஒரு சுயநலம் வையுங்கள்

வீட்டுக்காரன் ஷிகுரே டோருவுக்கு இடம் கொடுப்பதில் அவனுக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ஸ்பை ஃபேமிலி தொடரில் லாய்ட், உளவு வேலைக்காகப் பள்ளியில் சேர்க்க ஒரு பிள்ளை வேண்டும் என்றுதான் அன்யாவை அழைத்து வருகிறான். நட்சுமே யூஜின்சோ தொடரில், அநாதைப் பையன் நட்சுமேயோடு ஒட்டிக்கொண்டிருக்கும் பூனை வடிவ ஆவி நியான்கோ சென்செய்க்கோ, பையன் செத்தால் அவன் பாட்டி விட்டுப்போன ஏடு தனக்கு என்ற ஒப்பந்தம். பாசம் மெதுவாக வரட்டும்.

படி 3: பாத்திரத்தைக் கேட்க வையுங்கள்

நான் குப்புற விழுந்த இடம் இது. இரண்டாவது வரைவில் அந்த வீட்டு அம்மாள் சிறுமியைக் கட்டிக்கொண்டு “இனிமே இதுதான் உன் வீடு” என்கிறாள். இருவரும் அழுகிறார்கள். படித்த தோழி, “விளம்பர இடைவேளை எப்போ?” என்றாள்.

கோபத்தோடு ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்டின் ஐந்தாவது பகுதியை மறுபடி போட்டுப் பார்த்தேன். தாத்தா வீட்டில் புதுப்பிக்கும் வேலை முடிந்துவிட்டது, டோரு அங்கே போயாக வேண்டும். இருக்க ஆசை என்று ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிடுகிறாள். போன இடத்தில் உறவுக்காரர்கள் அவளைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். ஷிகுரே வீட்டுப் பையன்கள் யுகியும் கியோவும் அவளைத் தேடி வருகிறார்கள். அந்த வீட்டிலேயே இருக்க ஆசைப்பட்டதாக அங்கேதான் அவள் வாயிலிருந்து வருகிறது. சிறுவயதில், பழத்தின் பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கூடை விளையாட்டில் மற்றவர்களுக்கெல்லாம் பழத்தின் பெயர் கொடுத்துவிட்டு, இவளுக்கு ஓனிகிரி, அதாவது சோற்று உருண்டை, என்று வைத்தார்கள். கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்தே இருந்தவள் அவள். அப்படிப்பட்டவள் ஒன்றைக் கேட்பதுதான் திருப்பம். சேர்த்துக்கொள்பவர்களின் பெருந்தன்மையை எவ்வளவு எழுதினாலும் இது வராது.

ஆகவே, உங்கள் பாத்திரம் செத்தாலும் கேட்காத மூன்று விஷயங்களை எழுதுங்கள். என் பட்டியல்: இரண்டாவது முறை சோறு, ராத்திரி விளக்கு எரியட்டும் என்பது, பள்ளி விழாவுக்கு யாராவது வர வேண்டும் என்பது. இருப்பதிலேயே அற்பமானதை எடுத்து, மூன்று காட்சிகளில் ‘வேண்டாம்’ சொல்ல வையுங்கள். நாலாவதில் கேட்கட்டும். கேட்டதும் கொடுத்துவிட வேண்டும், பேச்சு வேண்டாம்.

இதற்குக் கோடு போட்ட நாற்பது பக்க நோட்டு போதும். பிடித்த நிறம், ராசி எல்லாம் நிரப்பச் சொல்லும் பாத்திரப் படிவங்களை நான் தொடுவதே இல்லை.

படி 4: கூப்பிடும் சொல்லைக் காப்பாற்றி வையுங்கள்

ஜப்பானிய ஒலியிலேயே பாருங்கள். யுகிக்கு டோரு ‘ஹோண்டா-சான்’ (‘சான்’ என்பது மரியாதை ஒட்டு). நட்சுமே தன்னை வளர்ப்பவளை ‘டோகோ-சான்’ என்றுதான் அழைக்கிறான். அன்யா சொல்லும் ‘சிச்சி’ (அப்பா), ‘ஹஹா’ (அம்மா) இரண்டும், நம் பெற்றோரைப் பற்றி வெளியாளிடம் பேசும்போது வரும் சொற்கள். நேரில் அப்படிக் கூப்பிடுவது வழக்கமில்லை. வசன வரியில் அப்பா, அம்மா என்று போட்டால் அந்த வேடிக்கை போய்விடும்.

பின்சேர்க்கை: கடைசியில் ‘அம்மா’ என்று கூப்பிட வைத்தால் போதும் என்று முதலில் எழுதியிருந்தேன். ஒரு வாசகர் பின்னூட்டத்தில் மடக்கினார்: காய்கறிக்காரர்கூட ‘வாங்கம்மா’ என்கிற மொழியில் அதற்கு என்ன கனம்? சரிதான். அந்த வரியை எடுத்துவிட்டேன்.

இப்போது என் கதையில் சிறுமி அந்த அம்மாளை ‘நீங்க’ என்றே பேசுகிறாள். பதினோராம் பக்கத்தில், காய்ச்சலில் கிடக்கும்போது மட்டும், “தண்ணி குடு” என்று வாய் தவறி வருகிறது. அந்த அம்மாள் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் செம்பை எடுக்கப் போகிறாள்.