கப்பலில் எங்கே சாப்பிடுவது: நம்மூர்க் குடும்பங்கள் செய்யும் தவறுகள்

அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) அறுபதாம் சாந்தி முடிந்த கையோடு, தேவகோட்டையிலிருந்து ஒன்பது பேர் கிளம்பினோம். திருச்சியில் விமானம் ஏறி சிங்கப்பூர், மறுநாள் அங்கிருந்து சொகுசுக் கப்பல், மூன்று இரவு. எங்கள் ஐயா (அப்பச்சியின் அப்பா) நாகப்பட்டினத்தில் ராஜுலா கப்பலேறி பினாங்குக்குப் பிழைக்கப் போனவர். அதே பினாங்குக்கு நாங்கள் சுற்றிப் பார்க்கப் போனோம். கேபின், பாஸ்போர்ட், காப்பீடு எல்லாவற்றையும் விசாரித்து வைத்திருந்தோம். எங்கே, எத்தனை மணிக்குச் சாப்பிடுவது என்பதை மட்டும் யாருமே யோசிக்கவில்லை. கப்பலில் எல்லா வேளையும் சாப்பாடு உண்டு என்று சொல்லிவிட்டார்களே, அப்புறம் யோசிக்க என்ன இருக்கிறது என்று இருந்துவிட்டோம். முதல் இரண்டு இரவும் அப்பத்தா தயிரும் வாழைப்பழமும் சாப்பிட்டுத்தான் படுத்தார்கள். அவர்களுக்கு வயது 82. இன்னொரு வீட்டு அப்பத்தாவுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, மேல்தளத்தில் இருக்கும் பஃபே மட்டும்தான் டிக்கெட்டில் சேர்ந்தது என்று நினைப்பது. வெள்ளைத் துணி விரித்து, இரண்டு பக்கமும் முள்கரண்டி அடுக்கிய மெயின் டைனிங் ரூமை வாசலில் நின்று பார்த்துவிட்டு, ‘இது காசு கட்டுகிறவர்களுக்கு’ என்று திரும்பி வந்துவிட்டோம். பெரும்பாலான கப்பல்களில் அந்தக் கூடமும் டிக்கெட்டுக்குள்தான் அடக்கம். உட்கார்ந்த இடத்துக்குக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். ஒருவருக்கு இரண்டு சூப் வேண்டுமென்றாலும், ஒன்று பிடிக்காமல் வேறொன்று கேட்டாலும் முகம் சுளிக்காமல் கொடுப்பார்கள். பந்தியில் உட்கார்ந்து பழகிய பெரியவர்களுக்கு அதுதான் சரியான இடம். தட்டை ஏந்திக்கொண்டு ஆடுகிற தளத்தில் கூட்டத்துக்குள் நடப்பது எண்பது வயதில் ஆகிற காரியமா?

ஆட்டத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. கப்பல் உருளும்போது மேலே போகப் போக அசைவு கூடும். கீழ்த்தளத்தில், அதிலும் நடுப்பகுதியில், குறையும். பஃபே பெரும்பாலும் உச்சியிலும் மெயின் டைனிங் ரூம் கீழேயும் இருக்கும். தலை சுற்றுகிறவர்கள் கீழே சாப்பிடுவதே நல்லது.

அடுத்தது நேரம். பல கப்பல்களில் மெயின் டைனிங் ரூமில் இரவுச் சாப்பாடு இரண்டு பந்தி. முதல் பந்தி ஐந்தரை, ஆறு மணிக்கு. இரண்டாவது எட்டு, எட்டரைக்கு. பெரியவர்கள் சீக்கிரம் சாப்பிட்டுப் படுக்கட்டும் என்று முதல் பந்தியைப் பதிவு செய்திருந்தோம்; அது அந்த வெள்ளைத் துணிக் கூடத்தில்தான் என்பது அப்போது தெரியாது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அங்கே மாலை ஐந்தரை என்றால் நம் வயிற்றுக்கு மத்தியானம் மூன்று மணி! யாருக்கும் பசியில்லை, அந்தப் பந்தியை விட்டுவிட்டோம். ஒன்பதரைக்கு எல்லோருக்கும் பசித்தபோது மிஞ்சியது பீட்சாவும் குளிர்ந்த சாண்ட்விச்சும்தான். இரண்டாம் பந்தியை எடுத்திருந்தால் நம் கணக்கில் மாலை ஐந்தரை, ஆறு ஆகியிருக்கும். குறைந்த நாள் பயணத்தில் வயிறு ஊர் நேரத்தை விடாது. விரும்பிய நேரத்தில் வரலாம் என்ற ஏற்பாடு இருந்தால் அதையே கேளுங்கள். ஏறிய பிறகும் முதல் நாளே போய்ச் சொன்னால், இடமிருந்தால் மாற்றித் தருவார்கள்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, வாய் திறந்து சொல்லாமல் இருப்பது. நம் பக்கம் விருந்தாளி எதையும் கேட்கக் கூடாது. கேட்பதற்கு முன்பே இலையில் விழ வேண்டும். போதும் என்ற பிறகும் இன்னொரு கந்தரப்பம் வைத்தால்தான் வீட்டுக்காரருக்கு மனம் ஆறும். அந்த உபசாரத்தில் வளர்ந்த நாம் கப்பலிலும் யாராவது வந்து கேட்பார்கள் என்று காத்திருக்கிறோம். ஆயிரக்கணக்கான பேருக்குச் சமைக்கிற இடத்தில் யார் அசைவம், யாருக்குச் சர்க்கரை என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஆனால் சொல்லிவிட்டால் அதைக் கட்டாயம் கவனிக்கிறார்கள்.

சொல்ல வேண்டியதை இரண்டு முறை சொல்ல வேண்டும். டிக்கெட் போடும்போதே, சில வாரங்களுக்கு முன்பே, சைவம், ஜைன உணவு, உப்புக் குறைவு, இன்ன அலர்ஜி என்று எழுத்தில் கொடுத்துவிடுங்கள். ஏறிய முதல் மாலை மெயின் டைனிங் ரூமில் ஹெட் வெயிட்டரைப் பார்த்து மறுபடி சொல்லுங்கள். பல கப்பல்களில், முதல் நாளே சொன்னால் மறுநாள் இரவுக்கு இந்தியச் சைவச் சாப்பாட்டைத் தனியாகச் செய்து தருவார்கள். மூன்றாம் நாள்தான் எங்களுக்கு இது தெரிந்தது. மேசைக்கு வந்த பையன் கேரளத்துக்காரர். ‘பாட்டி ஒன்றுமே சாப்பிடவில்லையே’ என்று அவரே கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சொன்னார். கடைசி இரவு சோறும் பருப்பும், மிளகு தூவிய உருளைக்கிழங்கும் வந்தன. அப்பத்தா இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் உறுத்துகிறது.

‘சைவம்’ என்றால் என்ன என்பதையும் விளக்கிவிடுங்கள். காய்கறி மட்டும் கண்ணுக்குத் தெரிகிற சூப்பில் கோழி வேகவைத்த நீர் இருக்கலாம். கீரை வதக்கலில் சிப்பி சாஸ், நூடுல்ஸில் மீன் சாஸ், ஜெல்லி போன்ற இனிப்பில் ஜெலட்டின் இருக்கலாம். கேக்கில் பெரும்பாலும் முட்டை உண்டு. ‘இறைச்சி, மீன், முட்டை, அவற்றின் சாறு எதுவும் வேண்டாம்’ என்று ஒவ்வொன்றாகச் சொல்வதுதான் பாதுகாப்பு. விரதக்காரர்கள் பஃபேயில் கரண்டி மாறி விழுவதையும் பார்க்க வேண்டும். அவர்களுக்கும் பரிமாறுகிற இடமே மேல்.

அதேபோல, வீட்டுச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போனால் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள். சமைத்த உணவைப் பெரும்பாலான கப்பல்களில் ஏற்ற விடுவதில்லை. கடையில் வாங்கிய, உறை பிரிக்காத தேன்குழல், சீப்புச் சீடை போன்றவற்றை வழக்கமாக அனுமதிப்பார்கள். ரைஸ் குக்கர், கெட்டில் கூடவே கூடாது. தீப்பிடிக்கும் என்பதால் வாங்கி வைத்துக்கொண்டு இறங்கும்போதுதான் தருவார்கள்.

தனிக் காசு கட்டுகிற ரெஸ்டாரன்ட்களும் கப்பலில் உண்டு. ஸ்டீக், ஜப்பானிய உணவு என்று இருக்கும். கல்யாண நாள் மாதிரி ஒரு நாளைக்குப் போகலாம், தப்பில்லை. விலைக்கு மேல் 18 அல்லது 20 சதவிகிதம் சேவைக் கட்டணம் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். போக முடிவு செய்துவிட்டால் ஊரிலிருந்தே பதிவு செய்வது பல சமயம் மலிவு. குழந்தைகள் கேபின் அட்டையை நீட்டி வாங்கும் ஜூஸும் கோலாவும் கடைசி நாள் பில்லில் வந்து நிற்கும். தண்ணீர், சாதாரண டீ, காபிக்குப் பொதுவாகக் காசில்லை.

பினாங்கில் இறங்கிய அன்று நாங்கள் செய்த தவறு வேறு மாதிரி. காசு கட்டியாயிற்றே என்று மத்தியானச் சாப்பாட்டுக்குக் கப்பலுக்கே ஓடி வந்தோம். ஜார்ஜ் டவுனில் கப்பல் நிற்கும் துறையிலிருந்து லிட்டில் இந்தியா நடக்கிற தூரம்தான். நம் செட்டியார்கள் கிட்டங்கி (கொடுக்கல் வாங்கல் நடத்திய இடம்) வைத்திருந்த பினாங்கு ஸ்ட்ரீட் அங்கேதான் இருக்கிறது. இலைச் சாப்பாடும் கிடைக்கும். ஐயா நடந்த தெருவில் உட்கார்ந்து அப்பத்தா ஒரு வேளை சாப்பிட்டிருக்கலாம். கரையில் நல்ல சாப்பாடு கிடைக்கிற நாளில் கப்பல் சாப்பாட்டை விட்டுவிடுங்கள். திரும்பும் நேரத்தை மட்டும் கப்பல் கடிகாரப்படி குறித்துக்கொள்ளுங்கள். புக்கெட் போகிற கப்பலென்றால் இது இன்னும் முக்கியம். தாய்லாந்து சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்னால் இருக்கிறது. கரையில் கால் வைத்ததும் போன் தானாகவே அந்த நேரத்துக்கு மாறிவிடும்.