விசுவாசம் வளரட்டும், அப்புறம் ஊழியம் என்று காத்திருக்கிறீர்களா?

"முதலில் நான் விசுவாசத்தில் உறுதிப்படணும், அப்புறம் மற்றவர்களுக்கு ஏதாவது செய்யலாம்" என்று பல வருடம் தள்ளிப்போட்டவன் நான். அந்த "அப்புறம்" வரவே இல்லை. இரண்டும் சேர்ந்துதான் வளரும் என்பது தாமதமாகத்தான் புரிந்தது, அதனால் உங்களிடம் சொல்கிறேன்: இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள்.

வாசிப்புக்கு மாற்கு சுவிசேஷம் போதும். நான்கு சுவிசேஷங்களில் சிறியது அதுதான், 16 அதிகாரம், நாளுக்கு ஒன்று வாசித்தால் 16 நாளில் முடிந்துவிடும். இயேசு என்ன பேசினார் என்பதோடு நிறுத்தாமல், யாருக்காக நின்றார், யாரைத் தொட்டார் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போங்கள். முதல் அதிகாரத்திலேயே பாருங்கள், சாயங்காலம் சூரியன் அஸ்தமித்த பிறகும் வாசலில் நோயாளிகள் கூட்டம். மறுநாள் இருட்டோடே எழுந்து தனியாகப் போய் ஜெபிக்கிறார். ஜெபம் முடிந்ததும் அடுத்த ஊர்களுக்குக் கிளம்புகிறார். அவர் ஜெபமும் உழைப்பும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே போகின்றன. உங்கள் ஜெபத்திலும் "எல்லாரையும் ஆசீர்வதியும்" என்பதை விட்டுவிட்டு இரண்டே இரண்டு பேரைப் பெயர் சொல்லி நினையுங்கள். ஒருவருக்காகத் தினமும் ஜெபித்தால், அவருக்கு என்ன தேவை என்று தானாகவே கண்ணில் பட ஆரம்பிக்கும்.

சரி, என்ன செய்வது? பெரிதாக யோசிக்காதீர்கள். யோவான் 13ஆம் அதிகாரத்தை ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். சாப்பாட்டு வேளையில் இயேசு எழுந்து, மேல் அங்கியைக் கழற்றி வைத்து, ஒரு துணியை இடுப்பில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றி, சீடர்கள் ஒவ்வொருவர் காலாகக் கழுவித் துடைக்கிறார். யூதாஸ் எழுந்து போனது அதற்குப் பிறகுதான். அப்படியானால் காட்டிக்கொடுக்கப்போகிறவன் என்று தெரிந்தே அவன் காலையும் கழுவியிருக்கிறார். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். பிடித்தவர்களுக்குச் செய்வது சுலபம். உங்களிடம் முகம் கொடுத்துப் பேசாத ஒருவருக்கு இந்த வாரம் ஒரு சின்ன உதவி செய்து பாருங்கள், விசுவாசம் எங்கே நிற்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எழுந்து நடமாட முடியாத ஒரு பெரியவரைப் பார்க்கப் போகிறீர்கள். வசனம் சொல்லி, ஜெபித்துவிட்டு உடனே கிளம்பாதீர்கள். "நகம் வெட்டிவிடட்டுமா ஐயா?" என்று கேளுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் விரல்களை ஊறவைத்தால் நகம் இளகும், அப்புறம் அவசரமில்லாமல் வெட்டலாம். சர்க்கரை நோய் இருப்பவர் என்றால் கால் நகத்தைத் தொடாதீர்கள், சின்னக் காயமும் புண்ணாகிவிடும், அதை மருத்துவரோ நர்ஸோ பார்க்கட்டும். கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த அரைமணி நேரத்தில் அவர் மனம் விட்டுப் பேசுவார். நீங்கள் கேட்டால் போதும்.

அதேபோல, யாராவது கஷ்டத்தைச் சொன்னால் "ஜெபிக்கிறேன்" என்று மட்டும் அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். உடுத்த, உண்ண இல்லாதவரை வெறும் வாழ்த்தோடு அனுப்பினால் என்ன பிரயோஜனம் என்று யாக்கோபு தன் நிருபத்தில் நேராகவே கேட்கிறார். "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உங்களோடு யார் வருகிறார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் பதில் வராது. நீங்கள் போங்கள். போட்டோ வேண்டாம், வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம் என்று இயேசுவே சொல்லிவிட்டார்.

களைப்பு வரும். "நான் மட்டும்தான் செய்கிறேன், மற்றவர்கள் சும்மா இருக்கிறார்கள்" என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்தால், அது, சகோதரி தனக்கு உதவவில்லை என்று மார்த்தாள் இயேசுவிடம் சொன்ன அதே புகார். அன்றைக்கு வேலையை வைத்துவிட்டு இயேசுவின் பாதத்தில் உட்காருங்கள். தனியாகச் சுமக்கவும் வேண்டாம்: ஆரம்பகாலச் சபையில் விதவைகளுக்கு உணவு பரிமாறுவதில் சிக்கல் வந்தபோது அப்போஸ்தலர்களே ஏழு பேரை ஏற்படுத்தினார்கள்.

இன்னொன்று, வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். நான் காய்ச்சலில் படுத்திருந்தபோது சபையிலிருந்து ஒரு அக்கா வந்து, சிங்க்கில் மூன்று நாளாகக் கிடந்த பாத்திரங்களைத் தேய்க்க ஆரம்பித்தார். "ஐயோ, நீங்கள் போய் இதையெல்லாம் செய்யக்கூடாது" என்றேன். சொன்ன பிறகுதான், கால் கழுவ வந்த இயேசுவிடம் பேதுருவும் இதைத்தானே சொன்னார் என்று ஞாபகம் வந்தது. அதன்பின் பேசாமல் படுத்துக்கொண்டேன், அவர் கடைசித் தட்டு வரைக்கும் தேய்த்துக் கவிழ்த்துவிட்டுத்தான் போனார்.