வாட்ச் மாடியைக் குறைத்து எண்ணினால்

மாடி எண்ணும் ஃபிட்னஸ் வாட்ச் படிகளை எண்ணுவதில்லை; காற்றழுத்தம் குறைவதை வைத்து ஏறிய உயரத்தைக் கணிக்கிறது. பெரும்பாலானவற்றுக்கு 3 மீட்டர் ஏறினால்தான் ஒரு மாடி. சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கில் மாடிக்கு மாடி சுமார் 2.8 மீட்டர்தான். ஆகவே 12 மாடி ஏறி 11 என்று காட்டினால் அது கோளாறே அல்ல.

என் வாட்ச் பாதிதான் காட்டியது. காரணம், அழுத்த உணரிக்குக் காற்று செல்ல பக்கவாட்டில் உள்ள சிறு துளையை அடைத்திருந்த வியர்வை உப்பும் சன்ஸ்கிரீனும். வெதுவெதுப்பான குழாய்நீரில் அலசி, துணியில் ஒற்றி, முழுதும் காயவிட்டதும் சரியானது. ஊசியால் மட்டும் குத்தாதீர்கள், உணரியே போய்விடும்.

கைப்பிடியைப் பிடித்தபடி ஏறினாலும் எண்ணிக்கை குறையும்: உயரத்தோடு காலடியும் பதிந்தால்தான் மாடி சேரும்; கை அசையாவிட்டால் காலடி பதியாது, லிஃப்டில் போனதாகவே கணக்காகும். இடிமழை நேரத்தில் அழுத்தம் தாறுமாறாக ஆடும். அப்போது வரும் எண்ணை நான் பொருட்படுத்துவதில்லை.