ஆங்கிலப் பெயர்த்தொடரிலும் வினைத்தொடரிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பெயரும் அதை விளக்கும் சொற்களும் சேர்ந்தது பெயர்த்தொடர்; அந்த முதன்மைப் பெயரே அதன் தலைச்சொல். தமிழில் அது கடைசியில் நிற்கும். 'மன்னார் வளைகுடாவில் உள்ள தீவுகள்' என்றால், 'தீவுகள்' என்பதே தலை. வினைமுற்றும் அதற்குப் பின்னரே வரும். ஆங்கிலத்தில் 'தி ஐலண்ட்ஸ் இன் தி கல்ஃப் ஆஃப் மன்னார்' என்று தலைச்சொல் முன்னே போய்விட, விளக்கம் பின்னால் நீள்கிறது. கீழக்கரை, மண்டபம், தொண்டி போன்ற ஊர்களில் தமிழ்வழியில் படித்துவிட்டுக் கல்லூரிக்கு வரும் மாணவர்களின் தாள்களில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஒரு வேறுபாட்டைக் கவனிக்காததால் வருகிறது.

வினைக்கு மிக அருகில் உள்ள பெயரை எழுவாயாகக் கொள்வது அவற்றுள் முதன்மையானது. மேற்சொன்ன தொடருக்குப் பின் 'இஸ்' என்று எழுதுகிறவர் 'மன்னார்' என்ற ஒருமைப் பெயரைப் பார்த்து எழுதுகிறார். தலைச்சொல் 'ஐலண்ட்ஸ்' என்பதால் 'ஆர்' என்றே வர வேண்டும். தொடர் முழுவதையும் நீக்கி, அவ்விடத்தில் 'இட்' அல்லது 'தே' என்று வைத்துப் பார்த்தால் எது சரி என்பது உடனே தெரிந்துவிடும்.

இதைவிட நுட்பமான பிழை ஒன்று உண்டு. தனுஷ்கோடியைப் பற்றி எழுதும்போது 'தி ஓல்ட் சர்ச் டேமேஜ்ட் பை தி சைக்ளோன் ஆஃப் 1964' என்று எழுதி முற்றுப்புள்ளி வைத்துவிடுகிறார்கள். அது வாக்கியமன்று, வெறும் பெயர்த்தொடர். தமிழில் 'சிதைந்த' என்ற எச்சமும் 'சிதைந்தது' என்ற முற்றும் வடிவத்திலேயே வேறுபடுவதால் இந்தக் குழப்பத்துக்கு இடமில்லை. ஆங்கிலத்தில் 'டேமேஜ்ட்' என்ற ஒரே வடிவம் இரண்டு வேலைகளையும் செய்கிறது. 'வாஸ் டேமேஜ்ட்' என்று துணைவினை சேர்ந்தால்தான் வாக்கியம் முடியும்.

'என் அந்தப் படகு' என்பது தமிழில் இயல்பு, 'மை தட் போட்' ஆங்கிலத்தில் பிழை. பெயருக்கு முன் வரும் 'மை', 'தட்' போன்ற சொற்களில் ஒன்றுக்கே அங்கே இடம் உண்டு. 'மூன்று படகு' என்று நாம் சொல்வதைப் போல 'த்ரீ போட்' என்றும் எழுதக் கூடாது.

முதன்மை வினையும் துணைவினைகளும் சேர்ந்த வினைத்தொடரில் துணைவினைகளின் வரிசைதான் சிக்கல். 'சரிசெய்துகொண்டிருந்திருப்பார்கள்' என்பதில் முதன்மை வினை முன்னும் துணைவினைகள் பின்னும் வருகின்றன. 'மஸ்ட் ஹேவ் பீன் ரிப்பேரிங்' என்பது அதையே கண்ணாடியில் பார்ப்பதுபோலத் தலைகீழாக வைத்திருக்கிறது. ஒவ்வொரு துணைவினையும் தனக்கு அடுத்த சொல்லின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது: 'மஸ்ட்' தன்னை அடுத்து வினையின் அடிவடிவத்தைக் கேட்கிறது, 'ஹேவ்' மூன்றாம் வடிவத்தைக் கேட்கிறது, 'பீன்' இங்கே 'இங்' ஈற்றைக் கேட்கிறது. இதைப் புரிந்துகொண்டவர் 'கேன் ஸ்விம்ஸ்' என்றோ 'மஸ்ட் டு கோ' என்றோ எழுதமாட்டார்.

காலம் காட்டும் பொறுப்பு தொடரின் முதல் வினைச்சொல்லுக்கு மட்டுமே உரியது. 'டிட் நாட் வென்ட்' தவறாவது இதனால்தான். இறந்த காலத்தை 'டிட்' ஏற்கெனவே காட்டிவிட்டதால் 'கோ' போதும். 'மீன் புதிது' என்பதைத் தமிழில் வினைச்சொல் இல்லாமலே முடிக்கலாம், ஆங்கிலத்திலோ 'இஸ்' இல்லாமல் வினைத்தொடரே அமையாது.

'இங்' ஈற்றைக் கண்டதும் வினைத்தொடர் என்று முடிவுகட்டவும் கூடாது. 'ரிப்பேரிங் நெட்ஸ் இஸ் ஹார்ட் வொர்க்' என்பதில் முதல் இரண்டு சொற்களும் சேர்ந்து பெயர்த்தொடரின் இடத்தில், எழுவாயாக நிற்கின்றன. 'நெட்ஸ்' பன்மையாக இருந்தும் 'இஸ்' வருவதற்குக் காரணம், அங்கே பேசப்படுவது ஒரு வேலை என்பதே.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில இலக்கண நூல்கள் துணைவினைகளையும் முதன்மை வினையையும் மட்டுமே வினைத்தொடர் என்கின்றன. வேறு சில, செயப்படுபொருளையும் அதனுள் சேர்க்கின்றன. எனவே தேர்வுக்குப் படிப்பவர்கள் தங்கள் பாடநூல் எந்த வரையறையைக் கொள்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொண்டு, அதன்படியே தொடரைப் பிரித்துக் காட்ட வேண்டும்.