பக்கத்து வீட்டு பைலிங்கும் எங்கள் சுவர் வெடிப்பும்

கொழும்பு வெள்ளவத்தையில் பக்கத்து வளவில் பைலிங் (அத்திவாரத்துக்காக நிலத்துக்குள் தூண் இறக்குவது) அடித்ததும் எங்கள் சுவரில் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக வெடிப்பு ஓடியது. உடனே பூசி மறைக்காதீர்கள். அதுதான் உங்கள் சாட்சி. உள்ளே தூசியோ பெயின்றோ இருந்தால் பழையது, சுத்தமாக இருந்தால் புதியது. கொந்தராத்துக்காரர் முதலில் சொல்வதே "அது முந்தியே இருந்தது" என்பதுதான். நான் வெடிப்பின் இரு நுனியிலும் பென்சிலால் கோடிட்டுத் திகதி எழுதி, அடிமட்டம் வைத்துப் படமெடுத்தேன். வாராவாரம் அதே இடத்தில். ஓரிடத்தில் பூச்சைக் கொத்திப் பார்த்தால் வெடிப்பு கல்லுக்குள்ளும் போகிறதா என்பது தெரியும். போனால் பொறியியலாளரின் அறிக்கை அவசியம்.

சேதத்தைச் சொல்லும் கடிதம் பக்கத்து வீட்டுக்காரர், கொந்தராத்துக்காரர் இருவருக்கும் பதிவுத் தபாலில் போகட்டும். ஒருவருக்கு மட்டும் அனுப்பினால் மற்றவரைக் கைகாட்டுவார். கொந்தராத்துக்காரரின் காப்புறுதியில் மூன்றாம் தரப்புச் சேதம் அடங்குமா என்றும் கேளுங்கள். திருத்த வேலைக்கு எடுக்கும் கொட்டேஷனில் பட்டி, பெயின்ற், கூலி தனித்தனியாக வேண்டும்.

அவர்கள் மசியாவிட்டால், இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசும் மத்தியஸ்த சபை. அங்கும் தீராவிட்டால், "தீரவில்லை" என்று சபை தரும் சான்றிதழோடு நீதிமன்றம். சேதம் நடந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். பைலிங் முடியுமுன் "முழுத் தீர்வு" என்று கையெழுத்து வைக்காதீர்கள்.